உழைத்த அளவுக்கு உண்ண வேண்டுமா? தாது வருடப் பஞ்சத்தின் உணவுக் கணக்கு

உடல் எடையைக் குறைக்க உணவைக் கட்டுப்படுத்தும் ஒருவர், நடைப்பயிற்சியில் செலவழித்த கலோரியை மீண்டும் உண்டு ஈடுகட்ட வேண்டுமா, வேண்டாமா என்பது இன்று பலரும் கேட்கும் கேள்வி. வேலூர்க் கோட்டையைக் காலையில் சுற்றி வருவோரிடமும், ஆம்பூர், வாணியம்பாடி காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்களிடமும் இந்தக் கேள்வி உண்டு. கைக்கடிகாரம் 300 கலோரி எரிந்தது என்று காட்டுகிறது. அந்த 300ஐ உண்ணலாமா, விட்டுவிடலாமா?

இது புதிய கேள்வி போலத் தோன்றினாலும் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணத்தில் அரசு அளவில் விவாதிக்கப்பட்ட ஒன்று. அன்று கேட்டவர்கள் எடை குறைக்க விரும்பியவர்கள் அல்லர். பட்டினியால் வாடிய மக்களுக்குக் கூலி நிர்ணயித்த அதிகாரிகள். உழைப்பவனுக்கு அவன் உழைப்பில் செலவாகும் அளவுக்கு உணவு தர வேண்டுமா, உயிர் தங்கும் அளவு தந்தால் போதுமா என்பதே அன்றைய வாதம். அந்த வாதத்தின் வரலாற்றையும், அது இன்றைய கேள்விக்குத் தரும் விடையையும் இக்கட்டுரை கூறுகிறது.

தாது வருடப் பஞ்சம்

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது ஆண்டு. அதனால் 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தை நம் மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என்றே நினைவில் வைத்தனர். சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் ஆகிய பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. இறந்தோர் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் 55 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகின்றனர். அதைவிடப் பல லட்சம் கூடுதலாகக் கணிப்பவர்களும் உண்டு.

இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாக இருக்கும் பாலாற்றுப் பகுதியின் பெரும்பகுதி அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. வாணியம்பாடி, திருப்பத்தூர் பகுதிகள் 1911 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. இரு மாவட்டங்களும் பஞ்சத்தில் பெரும் இழப்பைச் சந்தித்தன. 1871 கணக்கெடுப்பில் சுமார் 20 லட்சமாக இருந்த வட ஆர்க்காட்டின் மக்கள்தொகை 1881இல் சுமார் 18 லட்சமாகக் குறைந்தது. சேலத்தில் ஏறத்தாழ 20 லட்சம் 16 லட்சமாகச் சுருங்கியது. பத்து ஆண்டுகளில் வளர்ந்திருக்க வேண்டிய மக்கள்தொகை குறைந்ததிலிருந்தே இழப்பின் அளவை உணரலாம்.

சென்னையிலிருந்து வாலாஜா சாலை வரை 1856இலேயே இரயில் பாதை திறக்கப்பட்டிருந்தது. ஆகவே தானியம் வந்து சேர வழி இருந்தது. ஆனால் விலை உயர்ந்துவிட்டதால் கூலி இல்லாத மக்களால் வாங்க இயலவில்லை. தானியம் இருந்தும் கையில் காசில்லாமல் பட்டினி கிடந்தோரே மிகுதி. மேய்ச்சலும் நீரும் இன்றி மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. தோல் சந்தைக்கு அதனால் சரக்கு குவிந்தது. ஆனால் அந்த மாடுகளை நம்பி உழுத குடும்பங்கள் பஞ்சம் தீர்ந்த பின்னும் எழுந்து நிற்க முடியவில்லை.

இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் இந்தப் பஞ்சத்தின்போது சிறுமி. பசித்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைத் தன் கையால் கொடுத்த நினைவு அவருக்கு இருந்ததாக அவரது வாழ்க்கை வரலாறு கூறும். பிற்காலத்தில் மருத்துவராகத் திரும்பி வந்து, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் அவர் தொடங்கிய மருத்துவப் பணியே கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

நிவாரணப் பணியும் கஞ்சித்தொட்டியும்

அரசின் உதவி இரண்டு வகையாக இருந்தது. வேலை செய்ய இயலாத முதியோர், நோயாளிகள், குழந்தைகளுக்குச் சமைத்த உணவு வழங்கப்பட்டது. இவ்விடங்களை மக்கள் கஞ்சித்தொட்டி என்றனர். உடல் திடமுள்ளவர்கள் நிவாரண வேலைக்குப் போக வேண்டும். சாலை போடுவது, கல் உடைப்பது, ஏரி தூர் வாருவது, கால்வாய் வெட்டுவது ஆகியவை அந்த வேலைகள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்ப் பகுதி 1877–78இல் இவ்வாறு பஞ்சக் கூலிகளால் வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் எனப்பட்டது.

வேலை செய்தால்தான் கூலி. கூலி என்பது ஒரு நாள் உணவின் அளவு. எனவே ஒரு நாள் உணவின் அளவு எவ்வளவு என்பதே உயிரையும் சாவையும் பிரிக்கும் கேள்வி ஆயிற்று.

டெம்பிள் கூலி

1877 சனவரியில் இராசப்பிரதிநிதி லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட அனுப்பினார். இவர் 1873–74இல் பீகார் பஞ்சத்தைக் கையாண்டவர். அங்கே தாராளமாகத் தானியம் இறக்கியதால் சாவுகள் மிகக் குறைவு. ஆனால் பணத்தை வீணடித்தார் என்று மேலிடத்தில் கடும் கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தைச் சுமந்தவராகவே டெம்பிள் தெற்கே வந்தார். இம்முறை சிக்கனமே அவருக்கு இடப்பட்ட கட்டளை.

நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிதளவு ரொக்கமும் போதும் என்றார் டெம்பிள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதனினும் குறைவு. ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் 454 கிராம். இதற்கு ‘டெம்பிள் கூலி’ என்றே பெயர் நிலைத்தது. கூலி கூடினால் மக்கள் அரசையே நம்பிச் சோம்பிவிடுவர் என்ற அக்கால எண்ணமும் இதன் பின்னே இருந்தது.

பம்பாய் மாகாணத்தில் இந்தக் குறைப்பை ஏற்காமல் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைத்தளங்களை விட்டு வெளியேறினர். புனே சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்றது. சென்னையில் எதிர்ப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது.

கார்னிஷ் எழுப்பிய கேள்வி

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்தவர் மருத்துவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். மாகாணத்து மக்கள் என்ன உண்கின்றனர் என்பதைப் பற்றி 1863லேயே அறிக்கை தொகுத்தவர். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் இவரே. களியும் கம்பங்கூழும் சோறும் இந்த மக்களின் உடலில் என்ன செய்கின்றன என்பதை அவரைவிட அறிந்த அதிகாரிகள் அன்று சிலரே.

சும்மா இருப்பவனுக்கும் கல் உடைப்பவனுக்கும் ஒரே அளவு உணவு போதாது என்பது கார்னிஷின் வாதம். உழைப்பவனுக்குக் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். ஒரு ராத்தலில் ஒருவன் உடனே சாகமாட்டான். ஆனால் நாளுக்கு நாள் மெலிந்து, ஒரு சிறு காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ பலியாவான் என்பதே அவரது எச்சரிக்கையின் சாரம். பஞ்சத்தில் இறந்தோரில் பெரும்பாலோர் காலரா, வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல் ஆகிய நோய்களின் பெயரால் பதிவு செய்யப்பட்டதை நினைத்தால் அந்த எச்சரிக்கையின் பொருள் புரியும்.

டெம்பிளும் கார்னிஷும் மாறி மாறி எழுதிக்கொண்டனர். பத்திரிகைகளும் வாதத்தில் இறங்கின. சென்னைப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் டிக்பி டெம்பிள் கூலியைக் கடுமையாக எதிர்த்தார். லிட்டன் டெம்பிளின் பக்கம் நின்றார். இறுதியில் 1877 மார்ச்சு மாதம் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்தது. ஒன்றேகால் ராத்தல் தானியமும் சுமார் 43 கிராம் பருப்பும் என்று அளவு உயர்த்தப்பட்டது.

கலோரியில் ஒரு கணக்கு

கலோரி என்ற அளவை உணவுக்குப் பயன்படுத்தும் வழக்கம் அப்போது நம் நாட்டில் இல்லை. உணவில் உள்ள நைட்ரஜனை வைத்தே வாதிட்டனர். தசையின் உழைப்புக்குப் புரதமே எரிபொருள் என்று செருமானிய வேதியியலாளர் லீபிக் கூறியிருந்த காலம் அது. 1865இல் ஃபிக், விஸ்லிசீனஸ் என்ற இரு அறிஞர்கள் புரதமற்ற உணவை மட்டும் உண்டு சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலை மீது ஏறி, உழைப்புக்கான ஆற்றல் மாவுப்பொருளிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் கிடைக்கிறது என்று காட்டினர். ஆனால் அக்கருத்து பரவப் பல ஆண்டுகள் ஆயின. 1890களில் அமெரிக்காவின் ஆட்வாட்டர், மனிதர் உள்ளே இருந்து வேலை செய்யக்கூடிய வெப்ப அளவி அறையை அமைத்து, உண்ட உணவின் ஆற்றலும் செலவான ஆற்றலும் பொருந்துவதை அளந்து காட்டினார்.

இன்று நாம் அந்தக் கணக்கை எளிதாகப் போடலாம். 100 கிராம் அரிசி சுமார் 350 கிலோகலோரி தரும். (நாம் பேச்சில் கலோரி என்பது அறிவியலில் கிலோகலோரி.)

டெம்பிளின் ஒரு ராத்தல்: சுமார் 1,600 கிலோகலோரி.

1877 மார்ச்சில் உயர்த்தப்பட்ட அளவு, பருப்புடன்: சுமார் 2,150 கிலோகலோரி.

கார்னிஷ் கேட்ட ஒன்றரை ராத்தல், பருப்பும் காயும் சேர்க்காமல்: சுமார் 2,400 கிலோகலோரி.

இனித் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் அசையாமல் படுத்திருந்தாலே இதயம் துடிக்கவும் மூச்சு விடவும் உடல் சூடு காக்கவும் நாளொன்றுக்குச் சுமார் 1,300 கிலோகலோரி செலவாகும். டெம்பிள் கூலியில் அதைக் கழித்தால் எஞ்சுவது 300. அந்த 300இல்தான் அவர் வேலைத்தளத்துக்கு நடக்க வேண்டும், நாள் முழுதும் வெயிலில் மண் சுமக்க வேண்டும், திரும்ப வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2,110, மிதமான வேலை என்றால் 2,710, கடின உழைப்பு என்றால் 3,470 கிலோகலோரி தேவை. கடின உழைப்புக்கான அளவை 50 கிலோ எடைக்குச் சரிவிகிதமாகக் குறைத்தால் ஏறத்தாழ 2,670 வரும். கார்னிஷ் கேட்ட தானியத்தோடு பருப்பையும் காய்கறியையும் சேர்த்தால் இந்த எண்ணுக்கு அருகில் வந்து நிற்கிறது. கலோரி அளவி எதுவும் இல்லாமல், மக்கள் உண்பதைக் கவனித்தே அவர் இதைச் சொன்னார் என்பது குறிப்பிடத்தக்கது. டெம்பிள் கூலியிலோ நாள்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோகலோரி பற்றாக்குறை.

மினசோட்டா சோதனை

இதே அளவுப் பட்டினி பிற்காலத்தில் அறிவியல் முறையில் சோதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைத் தேர்ந்து 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். போருக்குச் செல்ல மனச்சான்று இடந்தராமல் மாற்றுப் பணி ஏற்றவர்கள் அவர்கள். இச்சோதனைக்குத் தாமாக முன்வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கிலோகலோரி. வாரம் 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

முடிவில் அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். படிக்கட்டு ஏறுவது பெரும்பாடாயிற்று. எப்போதும் குளிர்ந்தது. மனம் சோர்ந்தது, நினைவெல்லாம் உணவைப் பற்றியே இருந்தது. உடல் தன் செலவைத் தானே குறைத்துக்கொண்டது. இதயத் துடிப்பு குறைந்தது. தேவையற்ற அசைவுகள் நின்றன.

இவர்கள் நல்ல உடல்நிலையுடன் தொடங்கியவர்கள். மருத்துவர் அருகில் இருந்தார். நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர் நடை மட்டுமே கட்டாய உடற்பயிற்சி. தாது வருடத்துக் கூலியாட்களோ ஏற்கெனவே பல மாதம் பட்டினி கிடந்து மெலிந்த பின் அதே அளவு உணவில் கல் உடைத்தவர்கள்.

கொள்கையில் வந்த மாற்றம்

பஞ்சத்துக்குப் பின் ரிச்சர்டு ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. உழைப்பின் தன்மையைப் பொறுத்து உணவளவும் மாற வேண்டும் என்ற கருத்து அரசு விதிகளில் இடம் பிடித்தது.

உணவை அளந்து ஆராயும் பணிக்கும் தமிழகமே தொட்டிலாயிற்று. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1920களின் இறுதியில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. அவருக்குப்பின் இயக்குநரான ஐக்ராய்டு 1937இல் இந்திய உணவுப்பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இன்று நாம் பயன்படுத்தும் கலோரி அட்டவணைகள் இந்த வழி வந்தவை.

விடுதலைக்குப் பின்னும் வாதம் ஓயவில்லை. 1979இல் திட்டக் குழுவின் பணிக்குழு, வறுமைக்கோட்டை வரையறுக்கும்போது நாட்டுப்புறத்தவருக்கு 2,400, நகரத்தாருக்கு 2,100 கிலோகலோரி என்று வைத்தது. நாட்டுப்புறத்தில் உடலுழைப்பு கூடுதல் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அதே காலத்தில் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே, மனித உடல் ஓர் எல்லைக்குள் தன் தேவையைத் தானே சரிசெய்து கொள்ளும். எனவே குறைவாக உண்போர் எல்லோரையும் ஊட்டமற்றோர் எனக் கணக்கிடக் கூடாது என்றார். குறைந்த உணவுக்கு உடல் பழகுவது உண்மையானாலும், அதற்கு விலையாக உழைக்கும் திறனும் வளர்ச்சியும் குறைகின்றன என்று எதிர்த்தரப்பினர் கூறினர்.

தோல் தொழிலும் மாறிய உழைப்பும்

பாலாற்றுக் கரையின் தோல் தொழிலில் இந்தக் கணக்கைக் கண்கூடாகக் காணலாம். பழைய முறையில் சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைக் கையால் தூக்கிப் போடுவதும், மயிரும் சதையும் வழிப்பதும், ஆவாரம் பட்டைச் சாற்றில் மாற்றி மாற்றி ஊறவைப்பதும் மனித உழைப்பால் நடந்தவை. நனைந்த மாட்டுத்தோல் கனமானது. நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து அதைத் தூக்குவது கடின உழைப்பு வகையைச் சேரும்.

சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1973 முதல் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. குழிகள் இருந்த இடத்தில் சுழலும் உருளைகள் வந்தன. காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்தனர். இயந்திரத்தின் முன் உட்கார்ந்து மேல்தோல் தைப்பது கண்ணுக்கும் கைக்கும் முதுகுக்கும் கடினமான வேலை. ஆனால் ஆற்றல் செலவில் அது உட்கார்ந்த வேலைக்கே நெருக்கம். 2020 பரிந்துரைப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலைக்கு 1,660 கிலோகலோரியும் கடின உழைப்புக்கு 2,720 கிலோகலோரியும் தேவை.

ஆக, தோல் சுமந்த தாத்தா உண்ட மூன்று உருண்டைக் களி அவருக்குச் சரியான அளவு. காலணி தைக்கும் பேத்தி அதே அளவு சோறு உண்டால் எடை கூடும். வீட்டுப் பானை மாறவில்லை, உழைப்பு மாறிவிட்டது. நீரிழிவும் உடற்பருமனும் பெருகுவதற்கு இது ஒரு காரணம்.

இன்றைய கேள்விக்கு விடை

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். எடை குறைக்க விரும்புபவர் பயிற்சியில் செலவானதை உண்டு ஈடுகட்ட வேண்டுமா? விடை ஆளைப் பொறுத்தது.

முதலாவது, கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 2017இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு வகைக் கைப்பட்டைகளைச் சோதித்தனர். இதயத் துடிப்பை அவற்றுள் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. ஆற்றல் செலவில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழை காட்டியது. மேலும், ஒரு மணி நேர நடைக்குக் காட்டப்படும் எண்ணில், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 60, 70 கிலோகலோரியும் அடங்கியிருக்கலாம்.

இரண்டாவது, உடல் ஓரளவு தானே ஈடுகட்டிக்கொள்கிறது. தான்சானியாவின் ஹட்சா வேட்டைக் குடியினர் நாள்தோறும் வெகுதூரம் நடந்தும், உடல் அளவைக் கணக்கில் கொண்டால், மேலை நாட்டாரைப் போன்றே மொத்த ஆற்றலைச் செலவிடுகின்றனர் என்று ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் 2012இல் கண்டனர். 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, கூடுதல் உழைப்பில் எரியும் ஆற்றலில் சராசரியாக 28 விழுக்காட்டை உடல் வேறு செலவுகளைக் குறைத்துச் சரிக்கட்டுகிறது என்றது. சுகாத்மே சொன்னதில் ஒரு பகுதி உண்மை இருந்தது என்பதை இது காட்டுகிறது.

மூன்றாவது, இருமுறை எண்ணக் கூடாது. ‘மிதமான உழைப்பு’ என்ற வரிசையைத் தேர்ந்து உணவளவை முடிவு செய்தவருக்கு அவரது நடைப்பயிற்சி அதிலேயே அடங்கிவிட்டது. அதன்மேல் மீண்டும் உண்பது ஒரே கூலியை இருமுறை வாங்குவது போன்றது.

எனவே, உடலில் கொழுப்புச் சேமிப்பு உள்ளவர் அரைமணி அல்லது ஒரு மணி நேரம் நடந்தால் அதற்கென்று தனியே உண்ணத் தேவையில்லை. 60 கிலோ எடையுள்ளவர் 4 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 150 முதல் 200 கிலோகலோரி. நடை முடிந்து கடையில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட தேநீரும் அருந்தினால் அது தீர்ந்துவிடும்.

ஆனால் ஒல்லியான உடலினர், வளரும் பிள்ளைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், பல மணி நேரம் ஓடியாடிப் பயிலும் விளையாட்டு வீரர்கள், சுமை தூக்குவோர் ஆகியோர் செலவழித்ததை உண்டே ஆக வேண்டும். இவர்கள் ஈடுகட்டாமல் விட்டால் கரைவது கொழுப்பு மட்டுமன்று. தசையும் நோய் எதிர்ப்பு ஆற்றலும் கரையும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவையும் பயிற்சியையும் மாற்ற வேண்டும். எடை குறைப்பவருக்கும் தலைச்சுற்றல், தூக்கமின்மை, ஓயாத குளிர், மாதவிலக்குத் தவறுதல் போன்ற அறிகுறிகள் தோன்றினால் பற்றாக்குறை அளவு மீறிவிட்டது என்று பொருள்.

முடிவுரை

ஒரே கணக்கு இருவருக்கு இருவேறு பொருள் தருகிறது. சேமிப்பு உள்ளவனுக்குச் சிறு பற்றாக்குறை நன்மை. சேமிப்பு இல்லாதவனுக்கு அதுவே சாவு. டெம்பிள் செய்த பிழை, எதிரே நிற்கும் உடலைப் பாராமல் செலவுக் கணக்கை மட்டும் பார்த்தது. கார்னிஷ் உடலைப் பார்த்தார்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் வேலையும் எந்த வகை என்று எழுதி, அவர்கள் உண்ணும் அளவை அதன் எதிரே குறியுங்கள். பல வீடுகளில் கடைசியாக உண்ணும் தாய்க்கு அவர் உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்கிறதா என்பதையும் அப்போது கவனியுங்கள். உழைத்த அளவுக்கு உண்ண வேண்டுமா என்ற கேள்வியை முதலில் அவரைக் குறித்தே கேட்க வேண்டும்.